ஒரு விரல் அகலம்

கட்டிங் மிஷினில் நிற்பவன் படம் பார்ப்பதில்லை. முருகன் படமானாலும் நடிகை படமானாலும் எங்களுக்கு அது ஒரு ஷீட், அவ்வளவுதான். வெட்டுக் குறி எங்கே இருக்கிறது, கத்தி எங்கே இறங்க வேண்டும் என்பதைத்தான் கண் தேடும். எத்தனையோ வருஷமாகக் காலண்டர் வெட்டுகிறேன். எந்த வருஷம் எந்தச் சாமி அதிகமாக விற்றது என்று கேட்டால் முழிப்பேன். ஓரம் பிசிறில்லாமல் இருந்ததா என்று கேளுங்கள், சொல்கிறேன்.

என் பெயர் கண்ணுச்சாமி. சிவகாசியில் லட்சுமிகாந்தம் அண்ணாச்சியின் அச்சகத்தில் வேலை. என் மனைவி சண்முகத்தாய் சாத்தூர் ரோட்டில் ஒரு பயர் ஆபீஸில் வேலை பார்த்தாள். பட்டாசுத் தொழிற்சாலைக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். போன வருஷம் மாசி மாதம் அங்கே வெடித்தது. சத்தம் கேட்டதும் அச்சகத்தில் இருந்த எல்லாரும் மாடிக்கு ஓடி, புகை எந்தத் திசையில் எழும்புகிறது என்று பார்த்தார்கள். சிவகாசியில் சத்தம் கேட்டால் முதலில் செய்கிற வேலை அதுதான். நான் கத்திக்கு அடியில் இருந்த காகிதக் கட்டை வெட்டி முடித்துவிட்டு மாடி ஏறினேன். புகை கிழக்கே இருந்தது.

அவளை மூடித்தான் கொடுத்தார்கள். திறக்க வேண்டாம் என்றார்கள், நானும் திறக்கவில்லை. அழவும் இல்லை. "அழுதிருங்க தம்பி, நெஞ்சடைச்சுப் போகும்" என்று அண்ணன் மனைவி மயினி என் தோளைப் பிடித்து உலுக்கினாள். வந்தால்தானே அழ? பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் வேலைக்குப் போனேன். போனதும் ஒரு நோட்டுப் புத்தக லோடு காத்துக் கிடந்தது. வெட்டினேன். அன்றைக்கு இருந்த மாதிரியேதான் அதற்கப்புறம் எல்லா நாளும் இருந்தது. சோறு உப்பாக இருந்தாலும் உப்பில்லாமல் இருந்தாலும் உள்ளே போனது.

சுவரில் மாட்டியிருப்பது அவள் ஆதார் கார்டில் இருந்து பெரிதாக்கிய படம். ஆதார் படத்தில் யார்தான் அவரவராக இருக்கிறார்கள்? போனைத் தூக்கினாலே முந்தானையால் முகத்தை மூடிக்கொள்வாள். "என் மூஞ்சிய எதுக்கு எடுக்கீக, ரேசன் கடையில ஒட்டவா?" என்பாள். அதனால் அவள் நடப்பதும் திரும்புவதும் கையை ஆட்டிப் பேசுவதும் எங்கேயும் இல்லாமல் போயிற்று. மகள் அழகுமீனா விருதுநகரில் காலேஜ் படிக்கிறாள், தினமும் பஸ்ஸில் போய் வருவாள். சொந்தக்காரர்களின் விசேஷ வீடியோக்களை எல்லாம் வாங்கித் தேடினாள். ஒரு வளைகாப்பு வீடியோவில் அம்மாவின் முழங்கை கிடைத்தது. பந்தியில் சாம்பார் ஊற்றுகிற முழங்கை. அதையே திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாள்.

"யப்பா, அம்மா எப்படி நடப்பாகன்னு மறந்துக்கிட்டே வருது" என்றாள் ஒருநாள். "ஒங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

"எல்லாரும் நடக்குற மாதிரித்தான் நடப்பா."

அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். எனக்கும் ஞாபகம் இல்லை என்பதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

இந்தச் சித்திரையில், காலண்டர் சீசன் தொடங்குவதற்கு முன்னால், மிஷின்கள் பாதி நேரம் சும்மா கிடக்கிற நாட்களில் கீர்த்திகா வந்தாள். விருதுநகர் பருப்பு வியாபாரி நல்லசிவத்தின் மகள், அண்ணாச்சிக்கு ஒரு வகையில் சொந்தம். வெளிநாட்டில் ஓவியம் படித்தவள் என்றார்கள். ஓவியர் என்றால் கையில் பிரஷ் இருக்கும் என்று நினைத்தோம். இவள் கொண்டுவந்தது சாவி கொடுத்து ஓட்டுகிற ஒரு பழைய கேமரா, தகர டப்பாவில் கறுப்புவெள்ளைப் பிலிம் சுருள், அப்புறம் ஒரு அட்டை வட்டம்.

அந்த வட்டத்தின் விளிம்பில் சுற்றிலும் கீறல் கீறலாகப் பிளவுகள். உள்ளே ஒரு பெண் கயிறு தாண்டுகிற படம், ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம் மாறி. அதைக் கண்ணாடிக்கு முன்னால் சுழற்றி, பிளவு வழியாகப் பார்க்கச் சொன்னாள். பைண்டிங் பகுதி மாரித்தாய்தான் முதலில் பார்த்தாள்.

"ஏ ஆத்தீ, குதிக்காளே!" என்று வாயைப் பிளந்தாள். அப்புறம் அந்தப் பகுதிப் பெண்கள் எல்லாரும் அடித்துப் பிடித்துக்கொண்டு வந்து பார்த்தார்கள். சினிமா வருவதற்கு ரொம்ப காலம் முன்னாலேயே ஆட்கள் இப்படித்தான் படத்தை அசையவைத்தார்களாம்.

"அப்புறம் நெசமாவே சினிமா வந்தப்ப, மொதமொதல்ல எடுத்த படங்கள்ல ஒண்ணு என்ன தெரியுமா அண்ணே?" என்று மிஷின் ஓட்டும் பாண்டிமுருகனிடம் கேட்டாள். "ஒரு பேக்டரி வாசல். வேலை முடிஞ்சு ஆளுங்க வெளிய வர்றாங்க. அம்புட்டுத்தான் படம்."

"சண்டை கிடையாதா?"

"சண்டையும் இல்ல, பாட்டும் இல்ல. வருவாங்க, போவாங்க."

"அத யாரு துட்டுக் குடுத்துப் பாத்தா?" என்றான் பாண்டிமுருகன். எல்லாரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள்.

சாயங்காலம் டீ நேரத்தில் இன்னும் சொன்னாள். நூறு வருஷத்துக்கு முன்னால் ஐரோப்பாவில் ஒரு பெரிய போர் நடந்ததாம். அதற்குக் கொஞ்சம் முன்னும் பின்னும் கலைஞர்களுக்குக் கிறுக்குப் பிடித்ததாம். அவள் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை, எனக்கு அப்படித்தான் பட்டது. பேப்பரைக் கத்தரித்து இஷ்டத்துக்கு ஒட்டி இதுதான் ஓவியம் என்றார்களாம். கேமராவே இல்லாமல் பிலிம் மேல் கட்டமும் வட்டமும் வரைந்து ஓடவிட்டார்களாம். ஒரு கூட்டம் மிஷினையும் வேகத்தையும் வெடிப்பையும் புகழ்ந்து அறிக்கை விட்டதாம். பழைய கலையை எல்லாம் வெடிவைத்துத் தகர்க்க வேண்டும் என்றார்களாம். அவர்களில் யாரும் சாத்தூர் ரோட்டில் குடியிருந்திருக்க மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு டீயைக் குடித்தேன்.

அவள் செய்யவந்தது ஒரு சின்னப் புத்தகம். கட்டைவிரலால் சர்ரென்று புரட்டினால் படம் ஓடும். ஒரு பட்டாசு ஆலை வாசலில் வேலை முடிந்து ஆட்கள் வெளியே வருவதை, போன தீபாவளிக்கும் முந்தின தீபாவளி சீசனில் ஒரு சாயங்காலம் படம் பிடித்திருக்கிறாள். எந்த ஆலை என்று அண்ணாச்சி கேட்டார். பேரைச் சொன்னாள். பிறகு அங்கே வெடித்துவிட்டதால் அந்தப் பிலிமைத் தொடவே மனசு வரவில்லை, இப்போதுதான் வந்தது என்றாள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் மிஷினுக்குப் போனேன். வெட்ட ஒன்றும் இல்லை, துணியை எடுத்து மேசையைத் துடைத்தேன்.

அண்ணாச்சி பின்னாலேயே வந்தார். "கண்ணுச்சாமி, வேணும்னா ரெண்டு நாள் வீட்டுல இரு. இத வேற ஆள வச்சு வெட்டிக்கிடுவோம்."

"எதுக்கு அண்ணாச்சி? பேப்பர்தானே."

வீட்டில் மகளிடமும் சொல்லவில்லை. அந்த ஆலையில் எவ்வளவோ பேர் வேலை பார்த்தார்கள். அந்த ஒரு சாயங்காலத்தில், கேமரா பார்த்த அந்தக் கொஞ்ச நேரத்தில், சண்முகத்தாய் வந்திருக்க வேண்டும் என்று என்ன இருக்கிறது?

கீர்த்திகா போட்ட நிபந்தனைகளைக் கேட்டுப் பாண்டிமுருகன் தலையில் கைவைத்தான். ஷீட்டில் அச்சுக்காரர்கள் வைக்கும் குறி ஒன்றுகூட இருக்கக் கூடாது, வெட்டுக் குறியும் சேர்த்துத்தான். ஷீட்டில் அவள் படம் மட்டும்தான் இருக்க வேண்டும். கொஞ்சம் பிரதிகள் மட்டும். அடித்து முடித்ததும் பிளேட்டைக் கீறிவிட வேண்டும், கம்ப்யூட்டரில் இருப்பதை அழித்துவிட வேண்டும், மிச்ச ஷீட்டுகளைக் கிழித்துவிட வேண்டும். இனி ஒருத்தரும் இதை மறுபடி அடிக்க முடியாதபடி இருந்தால்தான் அதற்கு மதிப்பாம். வருஷா வருஷம் ஒரே லட்சுமியைத் திரும்பத் திரும்ப அடிக்கிற ஊரில் வந்து இதைச் சொன்னாள்.

எல்லாம் அவள் கண் முன்னால் நடந்தது. கடைசியில் பிலிம் சுருளை ஒரு அணுகுண்டு வெடியில் சுற்றி, அச்சகத்துக்குப் பின்னால் இருக்கும் காலியிடத்தில் வைத்துத் திரியைக் கொளுத்தினாள். அதுவும் அந்தக் கலையில் ஒரு பகுதியாம். அண்ணாச்சி ஒரு வாளித் தண்ணீரோடு பக்கத்தில் நின்றார். வெடித்தது. பிலிம் துண்டுகள் பறந்து முள்ளுச்செடிகளில் தொங்கின. வெளியூரிலிருந்து வந்திருந்த அவளுடைய சிநேகிதர்கள் கை தட்டினார்கள். மாரித்தாய் காதைப் பொத்திக்கொண்டாள். எனக்கு ஒன்றும் செய்யவில்லை. மாசிக்கு அப்புறம் எந்தச் சத்தமும் என்னை ஒன்றும் செய்வதில்லை.

அதற்கப்புறம்தான் பாண்டிமுருகன் கீர்த்திகாவிடம் போய் என்னைக் காட்டி ஏதோ சொன்னான். அவள் முகம் வெளுத்துவிட்டது. என்னிடம் வந்தாள்.

"அண்ணே, எனக்கு யாரும் சொல்லலையே. அவங்க போட்டோ இருக்கா?"

போனில் இருந்த ஆதார் படத்தைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இருக்காங்கண்ணே" என்றாள். "இந்த முகத்த மாசக்கணக்கா பாத்துருக்கேன். மொதப் பக்கத்துல இருந்து கிட்டத்தட்ட கடைசி வரைக்கும் இருக்காங்க. எல்லாரும் வந்து போயிருவாங்க, இவங்க மட்டும் இருப்பாங்க." அப்புறம் பின்னால் திரும்பி, புகை அடங்காத அந்த இடத்தைப் பார்த்தாள். "ஐயோ, கொஞ்சம் முன்னாடி சொல்லிருந்தா..."

"விடுங்கம்மா."

"ஷீட்டுல காட்டவா?"

"வேண்டாம். நாளைக்கு வெட்டணும். பாத்துட்டா கை நிக்காது."

"சரிண்ணே. மொதப் பிரதி ஒங்க மகளுக்குத்தான்."

சண்முகத்தாய் எங்கே நிற்கிறாள், எந்தப் பக்கம் வருகிறாள் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். அன்று எனக்கு அது தோன்றவே இல்லை.

வீட்டுக்குப் போய்ச் சொன்னதும் அழகுமீனா கையில் இருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டாள். "நெசமாவாப்பா? நடப்பாகளா? திரும்புவாகளா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். "நாளைக்குக் கொண்டாரேன் தாயி" என்றேன். மறுநாள் காலேஜுக்குப் போகவில்லை. தலைக்குக் குளித்துவிட்டு வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறாள் என்று பக்கத்து வீட்டு அம்மா மத்தியானம் போன் போட்டுச் சொன்னாள்.

அன்று காலையிலேயே கீர்த்திகா கொச்சிக்குப் போய்விட்டாள், அங்கேதான் கண்காட்சி. அண்ணாச்சி ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். பைண்டிங் பெண்கள் பக்கங்களை வரிசையாகச் சேர்த்து, முதுகில் பசை போட்டு, காயவைத்து என்னிடம் தள்ளினார்கள். கட்டையான குட்டிப் புத்தகங்கள். கத்திக்கு அடியில் வைத்துவிட்டுத் தேடினேன். குறி இல்லை. அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். பின்னால் நாதஸ்வரம் காதைக் கிழித்தது. "சுத்தமா வெட்டிரு கண்ணுச்சாமி, டைரி மாதிரி இருக்கணும்" என்று மட்டும் சொன்னார்.

ஒவ்வொரு பக்கத்தின் வலது ஓரத்திலும் மேலிருந்து கீழாகச் சின்னக் கறுப்புக் கட்டங்கள் வரிசையாக இருந்தன. மை சரியாக விழுகிறதா என்று பார்க்க ஷீட் ஓரத்தில் இப்படித்தான் கட்டங்கள் அடிப்போம். வெட்டும்போது அதை உள்ளே விடுகிறவன் கட்டிங் மிஷின் பக்கமே வரக் கூடாது. குறி கூடாது என்று சொல்லிவிட்டு இதை மட்டும் விட்டுவிட்டார்களே என்று நினைத்தேன். கட்டங்களுக்கு நடுவில் ஏதோ சாம்பலாகப் படர்ந்திருந்தது. மை வழிந்தது தெரியாமல் ஓட்டியிருக்கிறான் என்று பாண்டிமுருகனை மனசுக்குள் திட்டினேன். கட்டங்கள் முழுசாகப் போகும்படி, ஒரு விரல் அகலம் உள்ளே தள்ளிக் கத்தியை இறக்கினேன். ஒரு தடவை அளவு வைத்துவிட்டால் அப்புறம் எல்லாக் கட்டும் அதே அளவுதான்.

கத்தி மழுங்கியிருந்தது, சாணை பிடிக்க அனுப்ப வேண்டிய நேரம். ஆனாலும் ஓரம் நன்றாக வந்தது. விரலால் தடவிப் பார்த்தேன், வழவழவென்று இருந்தது. ஒரு வருஷத்துக்கு மேலாக எனக்கு நன்றாகப் பட்ட ஒரே விஷயம் அதுதான். பார்சல் கொச்சிக்குப் போயிற்று. முதல் பிரதியைக் காக்கிக் காகிதத்தில் சுற்றிச் சாப்பாட்டுப் பையில் வைத்தேன். புரட்டிப் பார்க்கவில்லை.

வீட்டில் அழகுமீனா கையைத் துடைத்துவிட்டு வாங்கினாள். ஜன்னல் பக்கம் வெளிச்சத்துக்குப் போய்ப் புரட்டினாள். நான் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மறுபடி புரட்டினாள். மறுபடியும். முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

"யப்பா, அம்மா எங்க?"

"பாரு தாயி, எல்லாப் பக்கத்துலயும் இருக்கான்னு சொன்னாக."

"நீங்க பாத்துச் சொல்லுங்க."

அப்போதுதான் நான் பார்த்தேன். இரும்பு கேட் திறக்கிறது. பெண்கள் கூட்டமாக வருகிறார்கள், பழைய படங்களில் வருகிற மாதிரி விலுக்கு விலுக்கென்று. ஒருத்தி சிரிக்கிறாள், ஒருத்தி தலைத்துணியை உதறுகிறாள், மருந்துத் தூள் பறக்கிறது. பிறகு ஆண்கள் சைக்கிள்களோடு வருகிறார்கள். கூட்டம் குறைகிறது. வாட்ச்மேன் வருகிறார். அதோடு முடிந்துவிட்டது. அதில் சிலரை எனக்குத் தெரியும். அவர்களிலும் சிலர் இப்போது இல்லை. சண்முகத்தாய் எங்கேயும் இல்லை.

கீர்த்திகாவுக்குப் போன் போட்டோம். அழகுமீனா இரண்டு பேரும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தாள்.

"வலது பக்கம் பாருங்கண்ணே, கடைசி ஓரத்துல" என்றாள் கீர்த்திகா. "உள்ள செருப்புப் போடக் கூடாதுல்ல, எல்லாரும் வாசல்ல குமிச்சுப் போட்டுருப்பாங்க. இவங்க மட்டும் மாறிப்போயிரும்னு சுவர் ஓரமா தனியா வச்சிருப்பாங்க போல. அங்கயேதான் நிப்பாங்க. அந்த ஓட்டைகளுக்கு நடுவுல."

"எந்த ஓட்டைம்மா?"

"பிலிம் ஓட்டை. கறுப்புக் கட்டம் கட்டமா தெரியுமே. எப்பவும் படம் அந்த ஓட்டைக்கு முன்னாடியே நின்னுரும். நாந்தான் கேமராவுக்குள்ள இருக்குற சட்டத்தக் கொஞ்சம் அறுத்துவிட்டு, படம் ஓட்டை வரைக்கும் விழுற மாதிரி செஞ்சேன். ஓரத்துல இருக்கறவங்களும் வரட்டும்னு."

நான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

"அத வெட்டிட்டேம்மா" என்றேன்.

"எதுலண்ணே?"

"எல்லாத்துலயும்."

கீர்த்திகா மெதுவாகப் பேசினாள். என்னைத் தேற்றத்தான் பேசினாள், அது தெரிந்தது. அந்தக் காலத்துக் கலைஞர்கள் காகிதத் துண்டுகளை மேலிருந்து போட்டு, விழுந்தது விழுந்தபடி ஒட்டுவார்களாம். தற்செயலும் ஒரு கலைஞன் என்பார்களாம். நான் வெட்டியதும் இனி அந்தப் புத்தகத்தில் ஒரு பகுதியாம்.

"தற்செயலா?" என்று கத்திவிட்டேன். அந்தச் சத்தம் என்னிடம் இருந்துதான் வந்ததா என்று எனக்கே ஆச்சரியம். "பயர் ஆபீஸ்ல விசாரிக்க வந்தவுகளும் அதத்தான் சொன்னாக. எல்லாம் தற்செயலாம்! ஒங்களுக்கு அது ஒரு பகுதி. எம்புள்ளைக்கு அதுதாம்மா முழுசும்."

அந்தப் பக்கம் அவள் அழுவது கேட்டது. அழகுமீனா போனை அணைத்தாள். அவள் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஒருதடவகூட பாக்கலையாப்பா?" என்றாள். "வெட்டுறதுக்கு முன்னாடி, ஒரே ஒரு தடவ?"

"இல்ல தாயி."

"ஏன்?"

அதற்குப் பதில் இருந்தால் இந்த ஒரு வருஷத்துக்கே பதில் இருந்திருக்கும். அப்போதும் எனக்கு அழுகை வரவில்லை, பயம்தான் வந்தது. இந்தப் பெண் இனி என்னிடம் எதையும் கேட்க மாட்டாள் என்கிற பயம். ஆனால் அவள் கேட்டாள்.

"வெட்டுன துண்ட எங்க போட்டீக?"

அச்சகத்துக் கழிவுக் காகிதத்தைச் சீனிவாசகம் தினமும் காலையில் வந்து சாக்குச் சாக்காக ஏற்றிப் போவார். அது ஆலைக்குப் போய்க் கூழாகிவிடும். மறுநாள் விடிந்ததும் இரண்டு பேரும் அச்சகத்துக்குப் போனோம். சீனிவாசகம் அதற்குள் வந்து வண்டியில் பாதி ஏற்றிவிட்டார்.

"என்ன கண்ணுச்சாமி, மோதிரம் எதும் விழுந்துருச்சா?"

"கொஞ்சம் பொறுங்க அண்ணே."

அவர் அழகுமீனாவின் முகத்தைப் பார்த்தார். அப்புறம் ஏற்றிய சாக்குகளை அவரே இறக்கிப் போட்டார். தரையில் கொட்டினோம். நோட்டுப் புத்தக ஓரம், தீப்பெட்டி லேபிள் ஓரம், கல்யாணப் பத்திரிகை ஓரம், மஞ்சளும் சிவப்புமாக ஒரே நார் நாராகக் குவிந்தது. அதற்குள் கறுப்புக் கட்டம் போட்ட துண்டுகள் தனித்தனியாக உதிர்ந்து கிடந்தன. அழகுமீனா ஒவ்வொன்றாகப் பொறுக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஒன்றில் வெறும் சுவர். ஒன்றில் ஒரு கை மாதிரி ஏதோ. எது முன், எது பின் என்று யாருக்குத் தெரியும்? உதிர்ந்த துண்டுகளால் ஒரு பிரயோசனமும் இல்லை.

மழுங்கின கத்தியால் வெட்டினால் ஓரங்கள் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். மற்ற நாட்களில் அது எங்களுக்குத் தொந்தரவு, வெட்டிய கட்டைத் தட்டிப் பிரிக்க வேண்டியிருக்கும். அன்று அதை நம்பித்தான் தோண்டினேன். மூன்றாவது சாக்கின் அடியில் ஒரு கட்டு பிரியாமல் இருந்தது. ஒரு புத்தகத்தின் ஓரம், முதல் பக்கத்தில் இருந்து கடைசிப் பக்கம் வரை, வரிசை குலையாமல், தீப்பெட்டி அளவுக்கு. ஒரு பக்கத்தைக் கிளிப் போட்டு இறுக்கிவிட்டு, மறு பக்கத்தை மெல்லத் தட்டிப் பிரித்தேன். அழகுமீனாவிடம் கொடுத்தேன்.

"நீங்களும் பாக்கணும்" என்றாள்.

சீனிவாசகத்தின் வண்டி ஓரமாக நின்றோம். அவள் கட்டைவிரலை வைத்துப் புரட்டினாள்.

சுவர். கறுப்புக் கட்டங்கள். அவற்றுக்கு நடுவில், நகத்தளவு உயரத்தில், சண்முகத்தாய். குனிந்து ஒரு காலைச் செருப்பில் நுழைக்கிறாள். சுவரில் கையை ஊன்றிக்கொள்கிறாள். அடுத்த காலை நுழைக்கிறாள். நிமிர்ந்து இடுப்பில் கையை வைத்து முதுகை ஒரு தடவை நெளிக்கிறாள். தூக்குச்சட்டியை இந்தக் கையில் இருந்து அந்தக் கைக்கு மாற்றுகிறாள். சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைக்கிறாள். அதெல்லாம் அவள்தான். இடது தோள் கொஞ்சம் இறங்கி இருக்கும், அதுகூட மறந்துபோயிருந்தது எனக்கு. அழகுமீனா மூச்சு விடாமல் பார்த்தாள்.

"அம்மா" என்றாள், படத்தைப் பார்த்தே.

அப்புறம் ஓரத்தில் இருந்து ஒரு டிவிஎஸ் வண்டியின் முன் சக்கரம் உள்ளே வருகிறது. பிறகு ஹேண்டில்பார், பிறகு கறுப்புக் கட்டத்தில் பாதி முகம் மறைந்த ஒரு ஆள். அது நான்தான். வேலை முடிந்து அவளைக் கூட்டிக்கொண்டு வரப் போவேன், வாரத்தில் எல்லா நாளும். அது எந்த நாள் என்று எனக்கு ஞாபகம் இல்லை. தனியாக ஞாபகம் வைக்க அந்த நாளில் ஒன்றும் இல்லை. அவள் முகம் மாறுகிறது. அவ்வளவு சின்னப் படத்திலும் அது தெரிந்தது. ஒரு எட்டு முன்னால் வந்து, தலையைச் சாய்த்து, கையை ஆட்டி என்னிடம் ஏதோ சொல்கிறாள். நான் முன்னால் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அவள் இன்னும் கொஞ்சம் கிட்டே வந்து மறுபடி சொல்கிறாள், சொல்லிவிட்டுச் சிரிக்கிறாள். பிறகு வண்டிக்குப் பின்னால் போய் மறைந்துவிடுகிறாள். கடைசித் துண்டுகளில் நான் மட்டும் இருக்கிறேன்.

"என்னமோ சொல்லுதாகப்பா" என்றாள் அழகுமீனா. அவள் கண்ணில் இருந்து தண்ணீர் கொட்டியது, வாய் சிரித்தது. "என்ன சொன்னாக? சிரிச்சுக்கிட்டே சொல்லுதாகளே, என்னப்பா சொன்னாக?"

வண்டியை அணைக்காமல்தான் நிற்பேன். அணைத்தால் மறுபடி மிதித்துக் கிளப்ப வேண்டும் என்று. அந்தச் சத்தத்தில் எதுவும் காதில் விழாது. வீட்டுக்குப் போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று இருந்துவிடுவேன்.

"தெரியல தாயி" என்றேன். கீழே கிடந்த காகிதக் குவியல் மேலேயே உட்கார்ந்தேன். அவளும் என் பக்கத்தில் உட்கார்ந்து, என் கண்ணுக்கு நேராகப் பிடித்து, இன்னொரு தடவை புரட்டினாள்.

மறுபடியும் சண்முகத்தாய் சொன்னாள். மறுபடியும் நான் திரும்பவில்லை.